கமிசாரியோ முத்திரை

இராஜம்மா பிரிக்பீல்ட்ஸ் பார்சல் ஆபீசுக்குள் கடிதமும் கையுமாக நுழைந்ததுமே கௌசுக்குப் பரபரத்தது. விலாசம் அழிந்த மூட்டைக்கும் ஆளைக் கண்டுபிடித்துவிடும் ஆபீஸ்காரர் அய்யாவு என்பவருக்குக் கைத்துணை அவன்தான்.

அவள் புருஷன் கன்னையா கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேறிக் கரி அள்ளப் போனவன். ஸ்பெயினில் இறங்கி, அங்கே உள்நாட்டுச் சண்டையில் குடியரசுப் படையோடு சேர்ந்துவிட்டானாம். ஒன்றரை வருஷம் கழித்து இப்போதுதான் ஒரு கடிதம். இங்கிலீஷ் எழுத்து, ஆனால் இங்கிலீஷ் இல்லை.

கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் அவள் அண்ணன் ராதாகிருஷ்ணன் முத்திரையில் ‘கமிசாரியோ’ என்றிருப்பதைப் பார்த்தார். போலீஸ் கமிஷனர், கன்னையாவைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள், எழுத்தறியாதவன் பேரில் எவனோ எழுதியிருக்கிறான் என்று முடிவு கட்டினார். தங்கையைச் சொந்த ஊரான நாகப்பட்டினத்துக்கு அனுப்ப அன்று சாயந்தரக் கப்பலில் டிக்கெட்டும் எடுத்துவிட்டார்.

“முதல் வார்த்தையப் படி” என்று கௌசிடம் கடிதத்தை நீட்டினார் அய்யாவு.

“க்விலி. ஊர் பேரு போலண்ணே. கடைசி வார்த்தை இருக்வென்.”

“பேண்டு வாசிக்கிற மணிலாக்காரர் பார்சலையும் இப்படித்தானே படிச்ச?”

பார்சலில் இருந்த பேரைத் தான் ‘என்ரிக்யூ’ என்று கூவியதும், ஸ்பானிய மொழி பேசும் அந்த மனிதர் ‘என்ரிக்கே’ என்று திருத்தியதும் கௌசுக்கு நினைவு வந்தன. அய்யாவு கடிதத்தோடு அவரைப் பார்க்கக் கிளம்பினார்.

மத்தியானம், கௌசோடு ராதாகிருஷ்ணன் வீட்டுக்கு வந்து, கட்டிவைத்த பெட்டிகளுக்கு நடுவே அய்யாவு பேசினார்.

“கிராணி, இது தமிழ்க் கடிதம்தான். ஸ்பெயின்காரனுக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷ் படிச்ச தமிழன் ‘கி’க்குக் கே எழுத்துப் போடுவான். இவன் ஸ்பெயின்காரங்க மாதிரி க்யூ போட்டிருக்கான். வாயில தமிழ், கையில ஸ்பெயின் எழுத்து. அங்க போய் எழுத்துக் கத்துக்கிட்ட தமிழன்லா இவன்.”

“கமிஷனர் முத்திரை?”

மணிலாப் பத்திரிகைகளில் மணிலாக்காரர் படித்ததை அய்யாவு சொன்னார். கமிசாரியோ என்றால் படையின் அரசியல் அதிகாரி. எதற்காகச் சண்டை என்று சிப்பாய்க்குப் புரியவைப்பதும், சோறு வந்ததா என்று பார்ப்பதும், எழுத்தறியாதவனுக்கு எழுத்துச் சொல்லித் தருவதும் அவர் வேலை. முத்திரைத் தேதி போன மாதம்.

கௌஸ் கடிதத்தை வாங்கி, இந்தத் தடவை தடுமாறாமல் படித்தான்: “கிளி, நான் சுகமா இருக்கேன்.”

இராஜம்மா முகத்தை மூடிக்கொண்டாள். “அப்படிக் கூப்பிடுறது அவரு ஒருத்தருதான்.”

பிறகு அவளே பெட்டிக் கயிற்றை அவிழ்த்தாள். கப்பல் அவள் இல்லாமலே போகட்டும் என்றாள்.

“அண்ணே, பதில் எழுதுங்க. ஊரே படிக்கிற மாதிரியா இதை எழுதுறது, அறிவிருக்கான்னு கேளுங்க.”

ராதாகிருஷ்ணன் பேனாவைத் திறந்தார். பிறகு கௌஸ் பக்கம் சாய்ந்து, “தம்பி, ‘அறிவிருக்கா’வுல வர்ற ‘கா’வுக்கு அவங்க எந்த எழுத்து போடுவாங்க?” என்று மெல்லக் கேட்டார்.