அன்னாசி நாரில் நெய்த இரண்டு முழம்

1943இல் பிரிக்பீல்ட்ஸில் யார் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தெரிவது தனலெட்சுமிக்குத்தான். அன்று காலை பக்கத்து வீட்டு வாசலில் துணிப் பஞ்சத்தில் தைத்த சாக்கு ரவிக்கையோடு ஒருத்தி அழுதுகொண்டு நின்றதும், அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். அந்த வீட்டுத் தம்புசாமி ஓய்வுபெற்ற ரயில்வே டிக்கெட் பரிசோதகர். முப்பது வருஷம் திருட்டு முழிகளைப் பார்த்தவர்.

வந்தவள் கிள்ளான் சாந்தமேரி. "அண்ணே, எங்க வீட்டுக்காரரு ஸ்டானிஸ்லாஸைத் திருடன்னு சொல்லிப் பட்டறையில பூட்டி வச்சிருக்காங்க. சாயங்காலம் ஜப்பான்காரன் போலீஸ்ல ஒப்படைக்கப் போறாங்களாம். அங்க போனவங்க யாருண்ணே திரும்பி வந்தா?"

ஸ்டானிஸ்லாஸின் முதலாளி ஜபருல்லா தையல் மெஷின் ரிப்பேரில் தொடங்கி, தறி எந்திரம் செய்யும் பட்டறை வைத்தவர். இப்போது மாநில ஆலோசனைச் சபை உறுப்பினரும் ஆகிவிட்டார். மறுநாள் சபையில் காட்ட, அன்னாசி நாரில் தம் எந்திரம் நெய்த இரண்டு முழம் துணியை வைத்திருந்தார். காலையில் அதைக் காணோம். பட்டறைச் சாவி ஸ்டானிஸ்லாஸிடம் மட்டுமே. மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு அவர் வெள்ளைத் துணி தேடி அலைந்ததும் ஊரறிந்த விஷயம்.

"பிள்ளைக்காக எடுத்துத்தான் இருப்பாருலா," என்று கிள்ளான் போகும் ரயிலில் தனலெட்சுமி கிசுகிசுத்தாள்.

"பார்ப்போம்," என்றார் தம்புசாமி.

பட்டறையில் ஜபருல்லா கோட்டோடு நின்றார். பதவி வந்ததிலிருந்து அதைக் கழற்றுவதே இல்லையாம். "பூட்டு உடையலை. சாவி இவன்கிட்ட. வேற என்ன வேணும்?"

தம்புசாமி பூட்டைப் பார்க்கவே இல்லை. "துணிக்கு என்ன கஞ்சி போட்டே, ஸ்டானிஸ்லாஸ்?"

"மரவள்ளிக் கஞ்சி, ஐயா. ஈரமா இருந்துச்சு. ஜன்னல் கம்பியில காயப்போட்டுட்டுப் பூட்டினேன்."

ஜன்னலுக்கு வெளியே ஒரு கிடாய். அதன்முன் பலாத்தழை தொடப்படாமல் வாடிக் கிடந்தது.

"இது எப்ப வந்துச்சு, பாய்?"

"நேத்து சாயங்காலம். பதவி விருந்துக்கு. நானே கட்டினேன்."

தம்புசாமி எல்லாரையும் கொல்லைப்புறம் கூப்பிட்டார். கழிவு நூல் துண்டு ஒன்றைக் கஞ்சியில் நனைத்து ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டார். கிடாய் முன்னங்கால்களைச் சுவரில் ஊன்றி எழுந்தது. ஒரே இழுப்பு, பிறகு கண்ணை மூடி நிதானமாக அசைபோட்டது.

"தழைய ஒதுக்குற ஆடு வேற எதையோ தின்னிருக்கணும். கதவு பூட்டித்தான் இருந்துச்சு, ஜன்னல் பூட்டலையே. அதுக்கு நேரா ஆட்டைக் கட்டினது யாரு, பாய்?"

ஜபருல்லா பட்டறைக்குள் போனார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "வா, ஸ்டானிஸ்லாஸ். தறிய ஓட்டு, நான் நூல் போடுறேன்."

பொழுது சாய்வதற்குள் இரண்டு முழமும், புதுநன்மைக்கு மேலும் மூன்று முழமும் இறங்கின. சாந்தமேரி துணியை முகத்தில் வைத்து அழுதாள். இது வேறு அழுகை. ரயிலில் தானும் சந்தேகப்பட்டதைத் தனலெட்சுமி எவரிடமும் சொல்லவில்லை. அவள் வாழ்நாளில் அடக்கிய ஒரே சேதி அது.

விருந்தில் ஸ்டானிஸ்லாஸ் அந்தக் கிடாயின் ஈரலில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தார்.

"நான் நெய்ததுதான முதலாளி," என்றார், "திருப்பி எடுத்துக்கிறேன்."