திருடு போன பிணம்!

லிஃப்ட் கதவு திறந்தது.

உள்ளே... பிணம்!

நீலச் சேலை கட்டிய டாக்டரம்மா. கழுத்தை இறுக்கிக்கொண்டு அவளுடைய ஸ்டெதாஸ்கோப்!

"ஐயோ!"

அலறியது லிஃப்ட் வாசலில் நின்றவர் அல்ல. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தவர். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊராருக்குப் பார்வை சோதிப்பார். மிச்ச நேரத்தில் 'கொடுக்கு' என்ற பெயரில் இணையத்தில் கொலை செய்வார்.

மனைவி ஓடி வந்தாள்.

"என்னங்க ஆச்சு? யாரு செத்தா?"

"என் டாக்டரம்மா!"

"உங்களுக்கு ஏதுங்க டாக்டரம்மா?"

"என் கதையில வர்றவ! நான்தான் கொன்னு லிஃப்ட்ல போட்டேன். எவனோ 'இருட்டுப்பூனை'யாம்... பிணத்தை அப்படியே தூக்கிட்டுப் போய் அவன் இணையப் பக்கத்துல போட்டிருக்கான்! ஒரு கமா கூட மாத்தல!"

மனைவி குனிந்து பார்த்தாள். அவள் புருவம் உயர்ந்தது.

"அட! இங்க எவ்வளவு பேரு படிச்சிருக்காங்க! உங்க பக்கத்துல நானும் உங்க தம்பியும்தானே?"

"தம்பி படிக்கிறானா?!"

"லைக் போடுவாரு. படிக்கிறாரான்னு எனக்குத் தெரியாது."

கொடுக்குக்கு வயிறு எரிந்தது. கதை திருடு போனதற்காகப் பாதி. திருடனிடம் போன பிறகு அது பிரமாதமாக ஓடியதற்காக மீதி.

இருட்டுப்பூனையின் பக்கத்திலேயே போய், 'இது என் கதை!' என்று எழுதினார்.

உடனே ஒரு ரசிகர் பதில் போட்டார். 'பொறாமைப்படாமல் சொந்தமாக எழுதிப் பழகுங்கள் தம்பி!'

தம்பியாம்! இவருக்குக் காதோரம் நரைத்து வெகு காலமாகிறது.

மறுநாள் கடையில் ஒருவர் கண்ணில் லென்ஸை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது போன் அலறியது.

"கொடுக்கு சாரா? நான் மாசா மாசம் பாக்கெட் நாவல் போடறவன். உங்க சண்டையப் படிச்சேன். கதைய விட நல்லா இருந்துச்சு!"

"ச... சார்!"

"கதைய நான் புத்தகமா போடறேன். அட்டையில பேரு வரும். ஆனா ஒண்ணு... யாரு பேரு? அவரு தன்னோடதுங்கறாரு, நீங்க உங்களோடதுங்கறீங்க. சாயங்காலம் ரெண்டு பேரும் ஆபீஸ் வாங்க!"

அட்டையில் பேர்! மீசை முளைத்த நாளிலிருந்து அவர் காணும் கனவு. அதை எவனோ தட்டிக்கொண்டு போவதா?

கடையைச் சாத்திவிட்டு ஓடினார். லென்ஸ் மாட்டியிருந்தவரை வெளியே அனுப்ப நல்லவேளையாக மறக்கவில்லை.

பதிப்பாளரின் அறை. சுவர் உயரத்துக்குப் புத்தகக் கட்டுகள். எதிர் நாற்காலியில்...

இருட்டுப்பூனை!

ஒல்லியான ஆடிட்டர். இஸ்திரி கலையாத சட்டை. எறும்பைக்கூட சுற்றிக்கொண்டு போகிற முகம். இவனா திருடன்?

"சார், தேதி பாருங்க! நான்தான் முதல்ல போட்டிருக்கேன்!" கொடுக்கு சீறினார்.

"என் பக்கத்துல அதுக்கும் முந்தின தேதி இருக்கே," என்றார் ஆடிட்டர்.

"மாத்திட்டான் சார்!"

"தேதிய நான்கூட மாத்துவேன்," பதிப்பாளர் கையமர்த்தினார். "எனக்கு ஒரே கேள்விதான். கடைசி அத்தியாயம் இன்னும் வரல. டாக்டரம்மாவக் கொன்னது யாரு? எழுதினவருக்குத் தெரியுமில்ல... கொடுக்கு சார், நீங்க சொல்லுங்க!"

கொடுக்கு திருதிருவென்று விழித்தார். ஏனென்றால்...

அவருக்கே தெரியாது!

அவர் தொழில் ரகசியமே அதுதான். வாரா வாரம் யாரையாவது சந்தேகப்பட வைத்துவிட்டு, 'தொடரும்' போட்டுவிட்டு ஓடிவிடுவார். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவருக்கு அப்படியொரு நம்பிக்கை.

"வந்து... வாட்ச்மேன் சார்!"

"வாட்ச்மேன நீங்களே நடுவுல கொன்னுட்டீங்களே?"

"அப்படியா? அப்போ... புருஷன்?"

"அவரு கப்பல்ல இருக்காரு."

ஆடிட்டர் தொண்டையைக் கனைத்தார்.

"கொன்னது நர்ஸ் சார்! ஆரம்பத்துல அவ இடது கையால கையெழுத்து போடறா. அப்புறம் வலது கையால ஊசி போடறா. ஏன்? அவ நர்ஸே இல்ல! நர்ஸோட இரட்டைத் தங்கச்சி! அக்காவத் தீர்த்துட்டு அவ இடத்துல வந்து உட்கார்ந்துட்டா. அதக் கண்டுபிடிச்ச டாக்டரம்மா காலி! கொலை நடந்தப்ப மழை. வெளியிலேர்ந்து இப்பதான் வர்றேங்கறா... ஆனா குடை காய்ஞ்சிருக்கு! அவ கட்டடத்துக்குள்ளயேதான் இருந்திருக்கா!"

கொடுக்கு வாயைப் பிளந்தார்.

இடது கை, வலது கை... அவர் மறந்துபோய் மாற்றி எழுதியது. குடை? அன்று மழை என்பதே அவருக்கு ஞாபகமில்லை! அவருடைய அத்தனை சொதப்பலையும் பொறுக்கிக் கோத்து, இந்தப் பாவி ஒரு கொலைகாரியையே பிடித்துவிட்டான்!

எல்லாம் போயிற்று.

பதிப்பாளர் எழுந்தார். கையை நீட்டினார்...

கொடுக்கிடம்!

"கதை உங்களோடதுதான் சார்!"

"என்னது?!" இருவரும் ஒரே குரலில்.

"எத்தனையோ வருஷமா கிரைம் நாவல் போடறேன். என்கிட்ட எழுதற ஒருத்தருக்கும் கடைசிப் பக்கம் வரைக்கும் கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சதே இல்ல. கேட்டா இப்படித்தான் முழிப்பாங்க! எழுதினவரு தான் கொன்ன வாட்ச்மேனையே மறந்துட்டு நிக்கறாரு. நீங்க குடை காய்ஞ்சத கூட கவனிச்சிருக்கீங்க. இவ்வளவு கவனமா படிக்கறவரு எழுதியிருக்கவே முடியாது ஆடிட்டர் சார்!"

ஆடிட்டர் தலை கவிழ்ந்தார்.

"எனக்கு எழுத வராது சார். ஆனா இவரு கதைன்னா உயிரு... ஒரு வரி விடாம படிப்பேன்."

கொடுக்கு ஆடிட்டரை நிமிர்ந்து பார்த்தார். கட்டின மனைவிகூட அவரை இப்படிப் படித்ததில்லை.

"சரி சார், கடைசி அத்தியாயம் நாளைக்கே வேணும்!" என்றார் பதிப்பாளர். "முடிவு பலமா இருக்கணும்!"

ஆடிட்டர் மெல்ல நழுவினார். கொடுக்கு பாய்ந்து துரத்தினார். மாடிப்படித் திருப்பத்தில் சட்டைக் காலரைப் பிடித்தார்!

"அடிச்சுடாதீங்க சார்! இன்னிக்கே எல்லாத்தையும் அழிச்சுடறேன்!"

கொடுக்கு மேலும் கீழும் பார்த்தார். யாருமில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"அழிக்கறது இருக்கட்டும்யா... அந்த நர்ஸ் தங்கச்சி விஷயத்த கொஞ்சம் மெதுவா சொல்லு, காப்பி அடிச்சுக்கறேன்!"