ஒன்பதாவது கோடு

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் பழங்களைக் குளிரில் வைத்துப் பாதுகாத்த கிடங்கு அது. தடித்த சுவர்கள், ஜன்னல் என்று ஒன்றுகூடக் கிடையாது. இப்போது உள்ளே கம்ப்யூட்டர் சர்வர்கள் ஓடுகின்றன. நான் போய் இறங்கியபோது நல்ல வெயில். வாசலில் காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். வெயிலை நம்பி ஸ்வெட்டர் இல்லாமல் வருகிறவர்கள் எல்லோரும் தும்மிக்கொண்டேதான் வெளியே போவார்கள் என்று சொல்லிச் சிரித்தார்.

கதவு பின்னால் மூடிக்கொண்டது. ஈர அட்டைப்பெட்டி வாசனை. அதற்கும் அடியில், மிக லேசாக, கனிந்து அழுகத் தொடங்கிய ஆப்பிளின் வாசனை. கிடங்கை மூடி எத்தனையோ வருடமாகியும் அது மட்டும் போகவில்லையாம்.

கண்காணிப்பு அறையில் ஓர் அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தார். அங்கே எல்லோருக்கும் அவர் அக்கா. மேஜையில் இரண்டு டீக் கோப்பைகள். ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. என்னைவிட நன்றாக மூத்தவர், ஆனாலும் சார் என்றே கூப்பிட்டார். தம்பி என்றே கூப்பிடலாமே என்றேன். அதைக் காதில் வாங்காதவர்போல நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சுவரில் பெரிய திரை. அடுத்த அறையில் இருக்கும் எட்டு சர்வர்களின் சூட்டையும் எட்டுக் கோடுகளாகக் காட்டும் வரைபடம் அது. எட்டும் ஒரே ரகம், ஒரே வேலை, ஒரே குளிர். அதனால் எட்டுக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படுத்து, நைந்த கயிறு மாதிரி கிடந்தன.

"எட்டு போட்டிருக்கு, கண்ணுக்கு ஒன்னுதான் தெரியுது," என்றார் அக்கா. "கடைசியா வரையறது மத்த ஏழையும் மூடிடுது. இதைப் பிரிச்சுக் கொடுங்க. வேற ஒன்னும் வேண்டாம்."

திரையில் இப்படி வரைபடம் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பே. வரிசையாகச் செய்து பார்த்தேன். நிறங்கள் ஏற்கெனவே எட்டு இருந்தன. ஒன்றை ஒன்று மூடும்போது நிறத்தால் என்ன பயன்? சிலவற்றைப் புள்ளிக் கோடாக்கினேன். கயிறு இன்னும் நைந்ததுதான் மிச்சம். அடியில் இருப்பதைத் தடிமனாகவும் மேலே வருவதை மெல்லியதாகவும் வரைந்தேன். இரண்டு மூன்று கோட்டுக்கு அது சரி. எட்டுக்கு வெங்காயத்தை நறுக்கி வைத்தது போலாயிற்று. கடைசியில் உயர அளவைப் பெரிதாக்கி, ஒவ்வொரு கோட்டையும் முந்தையதைவிட ஒரு விரற்கடை மேலே தூக்கி வைத்தேன். கயிறு பிரிந்தது. எட்டுக் கம்பிகள்.

அக்கா சந்தேகமாகப் பார்த்தார். இடம் மாற்றி வைத்தால் அது பொய்க்கணக்கு ஆகாதா என்று கேட்டார். கோடு நிற்கும் இடம்தான் பொய், மேடும் பள்ளமும் நிஜம், உண்மையான சூடு கோட்டின் முனையில் எண்ணாக இருக்கும் என்று விளக்கினேன். தலையாட்டினார். பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, போன வருடத்தில் ஒரு நாளைச் சொல்லி, அதை இதே மாதிரி வரையச் சொன்னார்.

பழைய பதிவெல்லாம் அழிந்திருக்குமே என்றேன்.

"அழியல. நான் அழிக்க விடல."

அப்போதுதான் சொன்னார். அந்த எட்டு சர்வரையும் பார்த்துக்கொண்டவன் அவருடைய கூடப்பிறந்த தம்பி. எல்லோருக்கும் அவன் பூனை. நடந்தால் சத்தமே கேட்காது. பின்னால் வந்து நிற்பானாம். இவர் திரும்பிப் பார்த்து அலறினால் சிரிப்பானாம். கழுத்தில் மணி கட்டிவிடுகிறேன் பார் என்று திட்டுவாராம். தினமும் டீ வேளையில் உள்ளே போய், ஒவ்வொரு சர்வரின் அலமாரியாகத் திறந்து, உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்து, மூடிவிட்டு அடுத்ததற்குப் போவான். திறந்தால் உள்ளே அடைபட்ட குளிர் வெளியேறி, கோடு அரை டிகிரி ஏறும். மூடினால் இறங்கும். அன்றைக்கு எட்டாவதில் மின்சாரம் தாக்கிவிட்டது.

"விழுந்த பிறகும் ரொம்ப நேரம் உயிர் இருந்திருக்குன்னு டாக்டர் சொன்னார். நான் இதே நாற்காலியில உக்காந்து, இதே படத்தைப் பாத்துட்டு இருந்தேன்."

வரைந்தேன்.

முதல் கோட்டில் ஒரு சின்ன மேடு. அது அடங்கியதும் இரண்டாவதில். பிறகு மூன்றாவதில். படி ஏறுவது போல மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எட்டாவதில் ஏறியது.

இறங்கவில்லை.

அக்கா எழுந்துபோய் அந்த மேட்டின்மேல் விரலை வைத்தார். திரையின் குறுக்கே நடந்துகொண்டே விரலை இழுத்தார். யாரோ வந்து அவனைத் தூக்கி, அலமாரியைச் சாத்திய இடம் வரும்வரை விரல் போய்க்கொண்டே இருந்தது.

"இவ்வளவு நேரமா," என்றார்.

அன்றைக்கே இப்படிப் பிரித்திருந்தால் தெரிந்திருக்குமா என்று அவர் கேட்கவில்லை. பதில் எங்கள் இரண்டு பேர் முன்னாலும் சுவரளவுக்கு நின்றது. நான் தேவையில்லாமல் ஒரு நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். அக்கா விரலை எடுத்துவிட்டு, இன்றைய படத்துக்கு வரச் சொன்னார்.

வந்தேன். எட்டும் தட்டையாக ஓடின. டீ வேளை.

முதல் கோட்டில் ஒரு சின்ன மேடு.

உள்ளே யார் என்று கேட்டேன். அக்காவின் கை கழுத்துக்குப் போயிற்று. அந்த அறையின் ஒரே சாவி அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாவது கோடு.

மூன்றாவது.

நிதானமாக, ஒவ்வொன்றிலும் ஓர் உள்ளங்கை வைக்கும் நேரம் நின்று.

ஏழு.

எட்டாவதில் ஏறியது. இறங்கவில்லை.

"தினமும் வந்திருக்கான்," என்றார், மூச்சுக்குள். "இந்தக் கயித்துக்குள்ள தினமும் நடந்திருக்கான். இன்னைக்கும் நான் உக்காந்துட்டு இருக்கேன் பாருங்க."

நான் தடுப்பதற்குள் சாவியோடு போய்விட்டார். திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் விசிறிகளின் இரைச்சல். ஆப்பிள் வாசனை தூக்கலாகியிருந்தது.

எட்டாவது கோடு இறங்கியது.

ஏழில் ஒரு மேடு. பிறகு ஆறில். ஐந்தில்.

திரும்பி வருகிறது.

முதல் கோடும் அடங்கியது. கதவு திறந்தது. அக்கா வந்தார். வந்தவர் கதவை விட்டுவிடவில்லை. பின்னால் ஒருவர் வருவதற்கு வழிவிடுவதுபோல், கையால் பிடித்தபடி நின்றார். நான் காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். ஒரு காலடிச் சத்தம்கூட இல்லை.

இருக்காதே.

கதவைச் சாத்திவிட்டு வந்து, மேஜையில் கவிழ்ந்திருந்த கோப்பையை நிமிர்த்தி வைத்தார். எட்டாவது திறந்திருந்ததா என்று கேட்டேன்.

"எல்லாமே சாத்தித்தான் இருந்தது. அதைத் தொட்டுக்கிட்டு நின்னேன். போதும் வா, போலாம்னு சொன்னேன்."

நான் கிளம்பும்போது, தன் மேஜைக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டர் மெஷினுக்கும் ஒரு கோடு போட்டுத் தரச் சொன்னார். ஏனென்று கேட்கவில்லை. ஒன்பதாவதாகச் சேர்த்துவிட்டு வெயிலுக்குள் ஓடினேன். காவலாளி சொன்னபடியே தும்மல் வந்தது. சிரிக்கத்தான் முடியவில்லை.

சில நாட்கள் கழித்து அக்கா தொலைபேசியில் பேசினார். எட்டுக் கோடும் இப்போது டீ வேளையிலும் தட்டையாகவே ஓடுகின்றனவாம். ஒன்பதாவது மட்டும் அந்த நேரத்தில் அரை டிகிரி ஏறுகிறதாம். இவர் வீட்டுக்குக் கிளம்பும்வரை இறங்குவதில்லையாம். மேலதிகாரி அதைப் பார்த்துவிட்டு, மெஷின் பழுது, மாற்றிவிடலாம் என்கிறாராம்.

"அந்தக் கோட்டை மட்டும் எட்டாவதுக்கு அடியில மறைச்சிடு தம்பி," என்றார். "நான் பாத்துக்கறேன்."

அன்றுதான் முதல்முறையாக என்னைத் தம்பி என்றார்.

என் வீட்டிலிருந்தபடியே செய்தேன். பிரித்துக் கொடுத்த கையே ஒன்பதாவதை எட்டாவதின் உயரத்துக்கே கொண்டுவந்து முதலில் வரைந்து, அதன்மேல் எட்டாவதைப் போட்டது. அப்போதும் டீ வேளைதான். அரை டிகிரி கூடுதலாக இருந்ததால், எட்டாவதற்கு மேலே அது ஒரு மயிரிழை எட்டிப் பார்த்தது. சரிசெய்யக் கையை நீட்டினேன்.

நான் தொடுவதற்கு முன்பே அது தானாக எட்டாவதற்கு அடியில் பதுங்கிக்கொண்டது.

இப்போது யார் பார்த்தாலும் எட்டுக் கோடுகள்தான். எட்டாவது மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடித்துத் தெரியும். அதன் தடிமனை நான் மாற்றவில்லை.