பெயர் வராத கட்டம்

தேடலில் ஒருத்தியின் பெயர் மட்டும் வரவில்லை. எண், வயது, ஊர் எல்லாம் இருந்தன. பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தது. கோவில்பட்டிக்கு வெளியே அந்தத் தீப்பெட்டி ஆபீஸில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவள் சுதாராணிதான். ஜன்னல் வழியே கரிசல் புழுதியும் மெழுகு வாடையும் சேர்ந்து வந்துகொண்டிருந்த அந்தப் பிற்பகலில் அவள் அடுத்த எண்ணைத் தட்டினாள். அதிலும் பெயர் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

"அண்ணாச்சி, தேடுனா பேரு வரமாட்டேங்குது."

மேனேஜர் லிங்கராஜ் நிமிரவில்லை. "அஞ்சு மணிக்கு பாக்டரி இன்ஸ்பெக்டரம்மா வாராவ. அதுக்குள்ள சரி பண்ணு."

மூலப் பதிவேட்டைத் திறந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களின் பெயர்களும் பத்திரமாக இருந்தன. தேடினால்தான் வரவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும்.

போன மாதம் குச்சி காயவைக்கும் அறையில் தீப்பிடித்து நாகலாபுரத்துப் பூங்கொடி கருகிச் செத்தாள். அவள் இங்கே வேலை பார்த்ததே தெரியக்கூடாது என்றார் லிங்கராஜ். தேடினால் அவள் பெயரைக் காட்டாதே என்று சுதாராணி கம்ப்யூட்டரின் தேடல் அமைப்பில் ஒரே ஒரு வரி எழுதினாள். மறுவாரம் பூங்கொடியின் அம்மா ராமலட்சுமி வந்தாள்.

"எம்மவ இங்கன வேல பாத்தான்னு ஒரு தாளு குடு தாயி."

சுதாராணி திரையை அவள் பக்கம் திருப்பினாள். "நீங்களே பாருங்க. அப்படி யாரும் இல்ல."

எழுத்தறியாத அந்த அம்மா வெற்றுக் கட்டத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். அதன்பின் சுதாராணியால் அந்தத் திரையைக் கூசாமல் பார்க்க முடிந்ததில்லை.

இப்போது அமைப்பைத் திறந்தாள். ஒரு வரி எழுதிய இடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். ஒவ்வொன்றும் அவள் கணக்கிலிருந்து எழுதப்பட்டிருந்தது. அவள் எழுதவில்லை. அத்தனையையும் அழித்தாள். மறுபடி தேடினாள்.

பெயர்கள் வந்தன.

பூங்கொடி. பூங்கொடி. பூங்கொடி. கடைசி வரை.

"அண்ணாச்சி, அந்த அம்மாட்ட நான் பொய் சொன்னேன். இன்ஸ்பெக்டரம்மாட்ட உண்மையச் சொல்லப் போறேன்."

"கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு?"

அவள் நிற்கவில்லை. வாசலிலேயே இன்ஸ்பெக்டரம்மாவைப் பிடிக்க வெளியே ஓடினாள். சங்கு ஊதி ஷிப்ட் முடிந்திருந்தது. பெண்கள் வரிசையாக வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். பேச்சில்லை. சிரிப்பில்லை. செருப்புச் சத்தம்கூட இல்லை. முன்னால் போன முதுகு, தினமும் அவளோடு பஸ்ஸில் வரும் அமுதவள்ளியுடையது.

"அமுதக்கா!"

திரும்பவில்லை. வரிசையில் யாருமே திரும்பவில்லை.

திரை முழுக்க நிறைந்திருந்த பெயர் சுதாராணியின் நினைவுக்கு வந்தது. அந்தப் பெயரை அவள் ஒரு மாதமாக வாயால் சொன்னதில்லை.

"பூங்கொடி..."

வரிசை நின்றது.

இருநூற்றுப் பன்னிரண்டு தலைகளும் ஒன்றாகத் திரும்பின. காற்று பலமாக அடித்தது. ஒரு முந்தானையும் அசையவில்லை. பொசுங்கிய முடியின் நாற்றம். பக்கத்தில் நின்றவளின் கன்னம் எலும்பு தெரியக் கருகி, இன்னும் மெல்லப் புகைந்துகொண்டிருந்தது.