முப்பதாவது மிதி

காலை 11.40. தேநீரோடு கதவைத் தள்ளிய டெக்னீஷியன் கோப்பையைக் கீழே போட்டாள். பெரிய டாக்டரம்மா மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடுவே குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் கனமான கண்ணாடிக் காகித எடை. மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பகல் 12.20. டாக்டரம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு மாடி ஏறி வந்த இன்ஸ்பெக்டர், மூச்சு வாங்குவதைக் காட்டிக்கொள்ளாமல் அறையைச் சுற்றி வந்தார். குழந்தைகளின் தசை எப்படி இயங்குகிறது என்று அளந்து பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் டாக்டரம்மாவின் அறை அது. ஜன்னல் கண்ணாடியில் பத்து வரைபடத் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. தாளுக்கு ஒன்றாகப் பத்துக் குழந்தைகளின் பெயர். வெளிச்சத்தில் பார்த்தால் பத்தும் ஒரே கோடு.

நேரத்தில் குழப்பமில்லை. 10.58க்கு டாக்டரம்மா தன் மகளிடம், "ஆள் வந்திருக்கு, அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கூப்பிடு" என்று சொல்லி போனை வைத்திருக்கிறார். 11.03க்கு மகள் அழைத்தபோது எடுக்க ஆளில்லை. வாசல் கதவு அட்டை இருந்தால்தான் திறக்கும். அட்டையோடு உள்ளே இருந்தவர்கள் டெக்னீஷியனும், டாக்டரம்மாவின் கீழ் ஆராய்ச்சி செய்யும் சின்ன டாக்டரும் மட்டுமே.

"பதினோரு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"கீழ ஸ்டோர்ல மேடம்," என்றாள் டெக்னீஷியன்.

"யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல."

"காலையில டாக்டரம்மாவோட சண்டையாமே?"

"லீவு கேட்டேன், தரல. குரல் கொஞ்சம் ஒசந்துடுச்சு. அதுக்காக ஆளை அடிப்பேனா மேடம்?"

ஏட்டு அவளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

சின்ன டாக்டர் தெளிவாகப் பேசினார். "10.50லேர்ந்து 11.15 வரைக்கும் வாண்டுவைச் சோதிச்சிட்டிருந்தேன். பத்து வயசுப் பொண்ணு. என்னை நம்பாட்டி மெஷினைக் கேளுங்க."

மெஷின் என்பது அடுத்த அறையில் இருந்த ஒரு நாற்காலி. கெண்டைக்காலில் ஒயர்களை ஒட்டி, பாதத்தை ஒரு பலகையில் வைத்துக் கட்டுவார்கள். விளக்கு எரியும்போதெல்லாம் முழு பலத்தோடு மிதிக்க வேண்டும், முப்பது தடவை. திரையில் மேல்கோடு தசையின் மின்துடிப்பு, கீழ்க்கோடு பலகையில் விழுந்த பலம். இன்றைய தேதி, 10.50, வாண்டுவின் பெயர், எல்லாம் சரியாக இருந்தன. முப்பது முகடுகளும் படிக்கட்டு மாதிரி இறங்கி, முப்பதாவது மிதி முதல் மிதியில் பாதிதான் இருந்தது.

பிற்பகல் 1.15. வாண்டுவை அவள் அப்பா டாக்ஸியில் கூட்டி வந்தார்.

"10.45க்கு நானே கேட்டுல இறக்கி விட்டேன் மேடம். பதினொண்ணரைக்குத் திரும்ப ஏத்திக்கிட்டேன்."

வாண்டு தரையைப் பார்த்தபடி ஒப்பித்தாள். "வந்தேன். மிதிச்சேன். போயிட்டேன்."

"கால் வலிச்சுதா கண்ணு?"

சட்டென்று தலை நிமிர்ந்தது. "எனக்கா? எனக்கு எப்பவுமே வலிக்காது ஆன்ட்டி. இன்னும் முப்பது மிதிக்கச் சொன்னாலும் மிதிப்பேன்!"

அந்த ஒரு பதில்தான் மனசிலிருந்து வந்தது என்று இன்ஸ்பெக்டருக்குப் பட்டது.

"அப்போ மிதி, பார்க்கலாம்."

"ஒரே நாள்ல ரெண்டு தடவை கூடாது மேடம்," சின்ன டாக்டர் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"அவளுக்கு வலிக்காதாம் டாக்டர். அவளுக்கு அப்புறம் நானும் உட்கார்றேன்."

டெக்னீஷியன் ஒயர்களை ஒட்டினாள். வாண்டு சிரித்துக்கொண்டே முப்பதையும் மிதித்து முடித்தாள். இன்ஸ்பெக்டருக்கு இருபதிலேயே கெண்டைக்கால் எரிந்தது. ஒயரைப் பிய்த்தபோது ஒட்டியிருந்த இடமெல்லாம் வட்டவட்டமாகச் சிவந்திருந்தது. அதை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு எழுந்தார்.

2.10. மூன்று பதிவுகளும் திரையில் அடுத்தடுத்து நின்றன. வாண்டுவின் முகடுகள் கடைசிவரை அநேகமாக ஒரே உயரம். இன்ஸ்பெக்டருடையவை பாதியாகச் சரிந்திருந்தன. காலைப் பதிவும் அப்படியேதான் சரிந்திருந்தது.

"குழந்தைங்க நம்மள மாதிரி சீக்கிரம் களைக்க மாட்டாங்க," என்றாள் டெக்னீஷியன்.

"காலையில அவளுக்கு அசதியா இருந்திருக்கலாம்," என்றார் சின்ன டாக்டர்.

"சரி. மேல்கோட்டுத் துடிப்புக்கும் கீழ்க்கோட்டுப் பலத்துக்கும் நடுவுல ஒரு இடைவெளி தெரியுதே, அதைப் பெருசாக்கிக் காட்டும்மா."

வாண்டுவின் பதிவில் மின்துடிப்பு தொடங்கி, சற்றுப் பொறுத்தே பலம் எழுந்தது. மற்ற இரண்டிலும் இடைவெளி குறைவு.

"தசையை எலும்போட கட்டி வைக்கிறது தசைநாண், மேடம். குழந்தைங்களுக்கு அது இளசு. தசை இழுத்ததும் முதல்ல அது கொஞ்சம் நீளும், அப்புறம்தான் இழுப்பு பாதத்துக்குப் போய்ச் சேரும். வளர வளர விறைப்பாயிடும்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "காலையில மிதிச்சது குழந்தையே இல்ல மேடம்."

இன்ஸ்பெக்டர் சின்ன டாக்டரிடம் திரும்பினார். "குழந்தைங்க வராத நாள்லயெல்லாம் நீங்களே உட்கார்ந்து மிதிச்சு, பலத்தோட அளவை மட்டும் குறைச்சு, அவங்க பேரைப் போட்டீங்க. அளவைக் குறைச்சீங்களே தவிர, சரிவையும் இடைவெளியையும் மறந்துட்டீங்க. ஜன்னல்ல தாளையெல்லாம் ஒட்டிப் பார்த்து, பத்துப் பேரும் ஒரே ஆளுன்னு டாக்டரம்மா கண்டுபிடிச்சு, இன்னைக்கு உங்களைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. அடிச்சீங்க. அப்புறம் கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பின்னால தள்ளி, அவங்க ரத்தம் வழியக் கிடக்கும்போதே இந்த நாற்காலியில உட்கார்ந்து முப்பது தடவை மிதிச்சிருக்கீங்க."

"கற்பனை!"

"பேன்ட்டைக் கொஞ்சம் ஏத்துங்க டாக்டர்."

அவர் அசையவில்லை. ஏட்டு குனிந்து தூக்கினார். வலது கெண்டைக்காலில் மயிர் வழித்த இடத்தில் மூன்று சிவந்த வட்டங்கள்.

சின்ன டாக்டர் அந்த நாற்காலியிலேயே தொப்பென்று உட்கார்ந்தார். "ஆராய்ச்சி மொத்தமும் பொய்னு எழுதி அனுப்பப் போறேன்னாங்க. என் ஆறு வருஷம் மேடம்..."

விலங்கு பூட்டி அவரை இறக்கிக்கொண்டு போன பிறகுதான் வாண்டு விம்ம ஆரம்பித்தாள்.

"நேத்தே டாக்டர் அங்கிள்கிட்ட வரமாட்டேன்னு சொல்லிட்டேன். என் ஃப்ரெண்ட் இன்னைக்கு ஊரை விட்டே போறா அப்பா. அவ வீட்டுக்குத்தான் ஓடினேன். திரும்பி வந்தப்போ அங்கிள் கேட்டுல நின்னாரு. வந்தேன்னு சொல்லு, இல்லாட்டி உங்கப்பாகிட்ட மாட்டி விட்டுடுவேன்னாரு."

அப்பா மெல்ல அவளை டெக்னீஷியன் பக்கம் திருப்பினார். "முதல்ல அந்த அக்காகிட்ட சொல்லு. உன் பொய்யால அவங்கதான் உள்ள போயிருப்பாங்க."

"சாரிக்கா."

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத டெக்னீஷியன், ஒயர்க் கற்றையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.