வயலில் கால் வைத்தால் பிணம்

ரெலிபோன் அலறியது.

கிளிநொச்சி. விவசாய அமைச்சரின் மாவட்ட அலுவலகம். காலை ஒன்பது ஐந்து.

அமைச்சரின் செயலாளர் தாட்சாயினி ரிசீவரை எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் வினோதன் கதைக்கிறன், தங்கச்சி. பதறாதேங்கோ..."

பதறாதே என்று பொலிஸ் சொன்னால் யார்தான் பதறாமல் இருப்பார்கள்?

"என்ன சேர்?"

"உங்கடை அப்பா இஞ்சை பொலிஸ் கூட்டுக்குள்ளை இருக்கிறார். அமைச்சருக்குக் கொலை மிரட்டல் எழுதினதாம்."

"அப்பாவோ? கோழி அடிக்கவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுற மனுசன், சேர்."

"எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனா பத்து மணிக்கு அமைச்சர் வந்து முறைப்பாட்டிலை கையொப்பம் வைச்சா, நான் அவரைக் கோட்டிலை நிப்பாட்டத்தான் வேணும். பிறகு விளக்கமறியல் சிறைதான்."

தாட்சாயினியின் அப்பா ஐயாத்துரைக்கு அறுபத்தேழு வயது. இதயக் குழாயில் இரண்டு ஸ்ரென்ற். மறியலில் ஒரு கிழமை இருந்தால் மனிதன் தாங்கமாட்டார்.

யார் இந்த அமைச்சர் குணபாலசிங்கம்?

போன வருடம்வரை ஒரு வங்கியின் பிராந்திய முகாமையாளர். அங்கே ஒன்பது வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்தவள்தான் தாட்சாயினி. வன்னி வயல்கள் முழுவதையும் கரைத்துக் குடித்தவர் அவர்... வங்கிக்கு அடகு வந்த காணி உறுதிப் பத்திரங்களில்! நெல் எப்போது பூக்கும் என்று உறுதியில் எழுதியிருக்காதே? கட்சி கேட்டது. தலையாட்டினார். தேர்தலில் நிற்காமலே தேசியப்பட்டியலில் நுழைந்தவரை விவசாயக் கதிரையில் தூக்கி வைத்துவிட்டார்கள்.

காலபோக நெல்லுக்கான யூரியாவை டிசம்பர் முப்பத்தொன்றாம் திகதி கொடுத்து முடித்தார். வருடம் முடிவதற்குள் கொடுத்தாயிற்று என்று மனிதருக்கு ஒரே பெருமை. வயலில் அப்போது யூரியா போடும் காலம் போய்க் கதிரே வந்துவிட்டது.

உருத்திரபுரம் கமக்காரர் அமைப்பின் தலைவர் ஐயாத்துரை. கூட்டத்தில் எழும்பிச் சொன்னார்.

"அந்தாள் ஒருக்கா எங்கடை வயலுக்கை கால் வைக்கட்டும். பாப்பம்."

யாரோ அதைப் போனில் எடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். வியாழன் பின்னேரம் வருவதாக அமைச்சரும் வாக்குக் கொடுத்தார்.

இன்றைக்குத்தான் வியாழன். கடிதம் நேற்று அமைச்சரின் வீட்டுக்கு வந்ததாம்.

தாட்சாயினி ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் பறந்தாள்.

கம்பிக்குப் பின்னால் ஐயாத்துரை.

"பிள்ளை, மாட்டுக்குத் தண்ணி வைச்சனியோ?"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்பா, கடிதம் எழுதினனீங்களோ?"

"நான் ஏன் எழுதுறன்? முகத்துக்கு நேரை பேசத்தானே வரச் சொன்னது."

வினோதன் கடிதத்தை மேசையில் வைத்தான். இடக்கையால் எழுதியது போல் கோணல் எழுத்து.

'வியாழக்கிழமை உருத்திரபுரம் வயலில் கால் வைத்தால் பிணமாகத்தான் திரும்புவாய்.'

முதலில் 'வெள்ளிக்கிழமை' என்று எழுதி வெட்டி, மேலே 'வியாழக்கிழமை' என்று திருத்தியிருந்தது. வெட்டின இடத்தின் ஓரத்தில் புழு நெளிந்தது போல ஒரு சின்னக் கீறல்.

தாட்சாயினி கண்ணைக் கசக்கிக்கொண்டு மீண்டும் பார்த்தாள்.

கடவுளே... அதுவா?

வங்கியில் ஒரு சொல்லை வெட்டினாலும், வெட்டினவர் பக்கத்தில் சின்னக் கையொப்பம் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அந்தக் கடதாசி செல்லாது. ஒன்பது வருடம் நாள் தவறாமல் அவள் பார்த்த கீறல் இது.

ஆனால், யார் நம்புவார்கள்? அவள் சந்தேக நபரின் மகள் ஆயிற்றே!

அவள் வினோதனின் காதோடு ஏதோ சொன்னாள். அவன் புருவம் உயர்ந்தது.

பத்து மணி. வெள்ளைச் சேட்டு, வாசனைப் பவுடர் சகிதம் அமைச்சர் வந்து இறங்கினார்.

"தாட்சாயினி, அப்பாவெண்டு பாக்கேலாது பிள்ளை. சட்டம் தன்ரை கடமையைச் செய்யத்தானே வேணும்?"

"ஓம் சேர். முறைப்பாட்டை நானே எழுதித் தாறன். உங்கடை நடை எனக்குத்தானே தெரியும்."

அமைச்சர் உருகிப்போனார். "பாத்தீங்களோ இன்ஸ்பெக்டர், கடமை எண்டால் இதுதான்."

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். வேண்டுமென்றே திகதியைப் பிழையாக எழுதி வெட்டினாள். கடிதம் வந்த நேரத்தையும் வெட்டினாள். அமைச்சரிடம் நீட்டினாள்.

கீழே நீளமாகக் கையொப்பம் வைத்தார். பேனையை மூடப் போனவர் நின்றார். பார்வை மேலே ஓடியது.

"கவனமா எழுத வேணும் பிள்ளை."

முதல் வெட்டுக்குப் பக்கத்தில் ஒரு கீறல். இரண்டாவதுக்குப் பக்கத்தில் இன்னொன்று.

வினோதன் மிரட்டல் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தான்.

மூன்று புழு. மூன்றும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

"அது... ஆரும் என்னைப்போலை கீறியிருக்கலாம்..."

"எந்தக் கொலைகாரன் சேர் தன்ரை கடிதத்திலை திருத்தத்தை உறுதிப்படுத்துவான்?" என்றான் வினோதன்.

அமைச்சர் கதிரையில் பொத்தென்று இருந்தார். பவுடர் வழிந்தது.

"வயலுக்குப் போனா அவையள் கேள்வி கேப்பினம். எனக்கு ஒரு மறுமொழியும் தெரியாது, தம்பி. மிரட்டல் எண்டு சொன்னா போகாமல் விடலாம் எண்டு நினைச்சன். ஐயாத்துரை அண்ணையைப் பிடிப்பினம் எண்டு சத்தியமா நினைக்கேல்லை."

"ஆனா, பிடிச்ச பிறகும் கையொப்பம் வைச்சியள்தானே சேர்?" தாட்சாயினி கத்திவிட்டாள். இவ்வளவு கோபம் தனக்கு வரும் என்று அவளே நினைத்திருக்கவில்லை.

கூடு திறந்தது. ஐயாத்துரை சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஐயா, பொய் முறைப்பாடு" என்றான் வினோதன். "நீங்கள் ஓமெண்டா இப்பவே இவரிலை வழக்குப் போட்டு உள்ளுக்கை தள்ளலாம். போடட்டோ?"

ஐயாத்துரை அமைச்சரை மேலும் கீழும் பார்த்தார்.

"வழக்கு வேண்டாம், தம்பி. பின்னேரம் நாலு மணிக்கு வயலுக்கு வரட்டும்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். முந்நூறு பேர் வருவினம். ஆளுக்கொரு கேள்வி கேப்பினம். எல்லாத்துக்கும் மறுமொழி சொல்லிப்போட்டு இவர் போகலாம்."

அமைச்சரின் முகம் வெளுத்தது.

"இன்ஸ்பெக்டர்..."

"சொல்லுங்கோ சேர்."

"அந்தக் கூடு... இப்ப காலியாத்தானே கிடக்கு?"