வரிசையில் ஒரு காலி இடம்

வெளியே வெயில் பாறையைப் பிளந்துகொண்டிருக்க, உள்ளே கடைசிச் சட்டையின் கைமுனையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது.

திருமயத்துக்குப் பக்கத்தில் ஆளில்லாமல் கிடந்த தன் பெரிய வீட்டுக்கு வெள்ளையடித்துக் கேலரி ஆக்கியிருந்தார் சூர்யநாராயணன். நடுக்கூடத்தில் ஜஸ்டினின் முதல் கண்காட்சி. ஜெகதாப்பட்டினத்தில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் சட்டைகளை வீடு வீடாகக் கேட்டு வாங்கி, உத்தரத்திலிருந்து நைலான் கயிற்றில் ஆளுயரத்துக்கு வரிசையாகத் தொங்கவிட்டிருந்தான். கோடியில் ஓர் இடம் மிஞ்சியது.

“காலி இடமும் ஒரு பேச்சுதான் தம்பி” என்றார் சூர்யநாராயணன்.

அந்தப் பேச்சு ஜஸ்டினுக்குப் பிடிக்கவில்லை. தம்பி ரீகனின் நீலக் கட்டம் போட்ட சட்டையை மாட்டினான். ரீகன் கடலில் உயிரோடு இருந்தான். கடலில் இருப்பவன் சட்டையைக் கொடியில் போடக் கூடாது என்பது அந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். இது கொடியல்ல, கேலரி என்று மனசுக்குச் சொன்னான். படித்த மனசு, ஒத்துக்கொண்டது.

இப்போது சொட்டுகிறது.

“சார், ஓடு ஒழுகுதா?”

“மழை பேஞ்சாத்தானப்பா ஒழுகும். நீ பேய வச்சீன்னா ஊரே ஒன்னயக் கும்பிடும்.” சூர்யநாராயணன் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஜஸ்டின் ஒரு சொட்டை நாக்கில் வைத்தான். உப்பு.

போன் அடித்தது. ஆத்தா. “காலையில வர வேண்டிய போட்டு இன்னும் வரலடா. சிலோன் நேவிக்காரய்ங்க அங்கிட்டுப் புடிச்சுட்டுப் போயிட்டாய்ங்களோ என்னமோ. மனசே சரியில்ல.”

கூடத்தில் டீசல் வாடையும் ஐஸில் கிடந்த மீனின் வாடையும் மெல்லப் பரவின. காத்தாடி ஓடவில்லை. மற்றச் சட்டைகள் அசையாமல் தொங்க, நீலச் சட்டை மட்டும் நெஞ்சுப் பக்கம் உப்பியது. அடங்கியது. மறுபடி உப்பியது, தண்ணீருக்குள் மூச்சுக்குத் தவிப்பவனைப் போல. பிறகு உப்பவில்லை.

ஜஸ்டின் ஸ்டூலில் ஏறிக் கயிற்றை அறுத்தான். ஓர் ஆளின் கனம். இருவருமாகத் தரையில் விழுந்தார்கள். எழுந்து பார்த்தால் கையில் வெறும் சட்டை. காய்ந்த சட்டை.

போன்.

“ரீகன் பேசுனான்டா! தவறி விழுந்து முங்கிட்டானாம். மேலேருந்து யாரோ காலரப் புடிச்சுத் தூக்குன மாதிரி இருந்துச்சாம். மாதா காப்பாத்திட்டாடா!”

ஜஸ்டின் அழுதான். சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

கோடியில் காலி இடம்.

சட்டைகள் எல்லாம் அவன் பக்கம் திரும்பியிருந்தன.

சொட்டு. எங்கிருந்து?

பெயிண்டுக் கறை படிந்த அவன் சட்டையின் கைமுனையிலிருந்து.

கதவுக்கு ஓடினான். காலர் இறுகியது. குதிகால் தரையை விட்டது. பிறகு பெருவிரல். வாயைத் திறந்தான். உப்புத் தண்ணீர்தான் வந்தது.

சாயங்காலம் சூர்யநாராயணன் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, ஜஸ்டினைப் பேர் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டார். அவர் உச்சி வழுக்கையை ஜஸ்டின் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

காரைக்குடியிலிருந்து வந்த அம்மாள் ஒருத்தி கோடியில் வந்து நின்றாள். “இந்தச் சட்டையில மட்டும் பெயிண்டுக் கறை. ஈரமா வேற இருக்குங்களே?”

“அதுதாங்க கலை” என்றார் அவர்.

அவள் அவன் கையைத் தன் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டு, செல்போனை உயர்த்திச் சிரித்தாள்.